ஏழு சென்டிமீட்டர்

நகராட்சி அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அங்குலம் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக நிலம் அளக்கிறவர். வேலித் தகராறில் அண்ணனும் தம்பியும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கும்போதுகூட, வேலி ஓர் அங்குலம் தள்ளியிருக்கிறது என்றால் தள்ளியிருக்கிறது என்றுதான் சொல்வார். அதனால் ஊரில் பாதிப் பேர் அவரை நம்பினார்கள். மீதிப் பேர் அவர் அளக்க வருகிற நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனார்கள்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை நீச்சல் பேரவையிலிருந்து அழைப்பு வந்தது.

பேரவை என்பது நூற்றுத் தொண்ணூற்றொரு நாடுகளின் நீச்சலை ஆள்கிற அமைப்பு. அதன் தலைமையகம் அந்த நகரத்திலேயே ஆற்றோரக் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. அங்குலம் தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவார். உள்ளே யாரும் போய் அவர் பார்த்ததில்லை. வெளியே வந்தும் பார்த்ததில்லை. வாசல் புல் மட்டும் எப்போதும் ஒரே உயரத்துக்கு வெட்டியிருக்கும்.

உள்ளே நீண்ட நடைவழி. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நடந்தார்கள். சுவரில் பேரவைத் தலைவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கின. ஒன்பது படங்கள். ஒன்பதிலும் ஒரே மனிதர். முதல் படத்தில் முடி கறுப்பு, நடுப் படங்களில் நரை, கடைசிப் படத்தில் மறுபடியும் கறுப்பு.

பொதுச்செயலாளர் எழுந்து நின்று வரவேற்றார். மெல்லிய குரல், ஆஸ்பத்திரியில் நோயாளியின் உறவினரிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"உட்காருங்க சார். புதுக் குளத்துல போன மாசம் ரெண்டு உலக சாதனை ஆகியிருக்கு. அதைப் பதிவேட்டுல ஏத்தணும்னா, குளம் சரியா அம்பது மீட்டர்னு ஒரு அளவையாளர் எழுதிக் குடுக்கணும். விதி."

"உங்ககிட்டயே அளவையாளர் இருப்பாரே?"

"இருந்தார். ஓய்வுல போயிட்டார்."

"வயசாயிடுச்சா?"

"இல்லையே," என்றார் செயலாளர், அப்படி ஒரு கேள்வி ஏன் வந்தது என்று புரியாதவர்போல.

அங்குலம் நாற்காலியில் சரியாக உட்கார்ந்துகொண்டார். "சரி, இத்தனை பேர் இருக்க என்னை எப்படிப் பிடிச்சீங்க?"

"உங்க மகள் அந்தக் குளத்துலதான் உலகப் போட்டிக்குத் தகுதி வாங்கியிருக்காங்க. நானூறு மீட்டர். நொடியில அஞ்சுல ஒரு பங்கு வித்தியாசத்துல தப்பிச்சாங்க. குளத்தோட அளவு சரியா இருக்கணும்னு உங்களைவிட யாருக்கு அக்கறை இருக்கும்? எங்க நடுநிலைமைப் பிரிவு ரொம்ப யோசிச்சு எடுத்த முடிவு இது."

அது பாராட்டா வேறு ஏதாவதா என்று அங்குலத்துக்குப் பிடிபடவில்லை. செயலாளர் ஒரு படிவத்தை நீட்டினார். அதில் 'அளக்கப்பட்ட நீளம்' என்ற இடத்தில் 50.00 மீட்டர் என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது.

"இன்னும் அளக்கவே இல்லையே சார்?"

"உங்க சிரமத்தைக் குறைக்கத்தான். அளக்கிறது உங்க முழுச் சுதந்திரம். எத்தனை தடவை வேணும்னாலும் அளங்க, யாரும் தலையிட மாட்டோம். எழுத்து வேலையை மட்டும் நாங்க முடிச்சு வச்சுட்டோம்."

மறுநாள் காலை புதுக் குளத்துக்குப் போனார். ஐயாயிரம் பேர் உட்காரக்கூடிய அரங்கம். தண்ணீர் அசையாமல் கண்ணாடி மாதிரி கிடந்தது. 'உலகத்தின் மிக வேகமான குளம்' என்று சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது. குளத்தின் மேலாளர் குள்ளமான மனிதர். கையைப் பிசைந்தபடியே கூட நடந்தார்.

எட்டுத் தடங்கள். இரு முனைகளிலும் நீச்சல்காரர்கள் தொட்டால் கடிகாரம் நிற்கிற தொடுபலகைகள் பொருத்தியிருந்தன. பலகைக்குப் பலகை லேசர் கருவியால் அளந்தார். நாற்பத்தொன்பது மீட்டர், தொண்ணூற்று மூன்று சென்டிமீட்டர். அடுத்த தடத்திலும் அதே. எட்டுத் தடத்திலும் அதே. கருவியில் கோளாறோ என்று பையிலிருந்து எஃகு நாடாவை எடுத்து, சுருள்வில் தராசால் விறைப்பாக இழுத்துப் பிடித்து, வெயிலுக்கும் குளிருக்கும் கணக்குப் பார்த்துத் திரும்ப அளந்தார். ஏழு சென்டிமீட்டர் குறைந்தது குறைந்ததுதான்.

"சார், இது வந்து நாப்பத்தொம்பது—"

மேலாளர் சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வேணாம் சார்! எண்ணைச் சொல்லாதீங்க. எனக்குக் குடும்பம் இருக்கு."

"இவ்வளவு பெரிய குளத்துல எப்படிங்க குறையும்?"

மேலாளர் நாலு பக்கமும் பார்த்தார். அரங்கில் ஒரு ஈ காக்கை இல்லை. இருந்தும் அங்குலத்தை இழுத்துக்கொண்டு பம்பு அறைக்குள் போய், மோட்டார் சத்தத்துக்கு நடுவில் பேசினார். "கட்டினது தலைவரோட மைத்துனர். முதல்ல ஒட்டின ஓடு மட்டம், தண்ணி கசிஞ்சுது. உடைச்சு எடுத்துட்டுப் புதுசா ஒட்டணும். உடைக்கிற கூலியை மிச்சம் பிடிக்கப் பழைய ஓட்டு மேலயே பூசி, புது ஓட்டை ஒட்டிட்டாங்க. ரெண்டு பக்கமும். தப்பு தெரிஞ்சு கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தப்போதான் திறப்பு விழாவுல ரெண்டு சாதனை ஆச்சு. அதுக்கப்புறம் யாரும் கையைப் பிசையலை. நான் மட்டும்தான் பிசையறேன்."

"முன்னாடி இருந்த அளவையாளர் அளந்தாரா?"

"அளந்தார். எண்ணையும் என்கிட்ட சொன்னார்." மேலாளர் பம்பு அறைக் கதவைத் திறந்துவிட்டார். "நல்ல மனுஷன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அங்குலம் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். நானூறு மீட்டர் என்றால் எட்டு நீளம். எட்டேழு ஐம்பத்தாறு சென்டிமீட்டர். அவர் மகள் நீந்துகிற வேகத்துக்கு அது நொடியில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். அவள் தகுதி பெற்றதோ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில். முழு ஐம்பது மீட்டர் குளமாக இருந்திருந்தால், நொடியில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு பின்தங்கி வெளியே நின்றிருப்பாள். எப்படிப் போட்டாலும் விடை அதுதான்.

மகளுக்குப் பதினெட்டு வயது. ஆறு வயதிலிருந்து தண்ணீரில் கிடக்கிறவள். விடிவதற்கு முன் எழுந்து நகராட்சியின் பழைய குளத்துக்குப் போய்விடுவாள். தலைமுடியில் குளோரின் வாசனை போகவே போகாது. அவள் தகுதி பெற்ற அன்று, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவள் அம்மா வார்டில் இருந்த அத்தனை நோயாளிகளுக்கும் மிட்டாய் கொடுத்து, சர்க்கரை வியாதிக்காரர்கள் வார்டு என்பதால் டாக்டரிடம் திட்டும் வாங்கினாள்.

சாப்பாட்டு மேஜையில் அவர் சொன்னதும் மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகட்டிக் காட்டினாள். "ஏழு சென்டிமீட்டர்னா இவ்வளவுதானே அப்பா?"

"ஆமாம்மா."

"இந்த இவ்வளவுக்காகவா?"

அவர் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தார்.

"இருபத்தாறு வருஷத்துல ஒரே ஒரு தடவை நீங்க இதை எழுதாம விட்டா என்ன ஆகும்?"

"அப்புறம் நான் எழுதின மத்ததையெல்லாம் யாரு நம்புவாங்க?"

"மத்ததை யாரு இப்போ கேட்டா?" என்று எழுந்து போய்விட்டாள். அறைக் கதவைச் சாத்தும் சத்தம்கூட இல்லை. அறைந்து சாத்தியிருந்தால் அவருக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

மனைவி தட்டுகளை எடுத்தாள். "எழுதப்போறீங்க, அப்படித்தானே?"

"அளந்துட்டேனே."

"சரி. அப்போ சாப்பிட்டுட்டு எழுதுங்க. வெறும் வயித்துல அந்தக் கட்டடத்துக்குப் போகாதீங்க."

படிவத்தில் 50.00 என்பதைக் குறுக்கே அடித்து, 49.93 என்று எழுதி, திருத்தத்துக்கு எதிரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செயலாளர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அடிச்சிருக்கீங்க."

"ஆமா சார்."

"பேனாவால."

"ஆமா சார்."

"பேரவைக்கு வயசு அறுபத்திரண்டு. யாரும் பேனாவால அடிச்சதில்லை." குரலில் கோபமே இல்லை. எழுந்து வந்து அங்குலத்தின் தோளில் கை வைத்தார். "உங்க வீட்டு முகவரி எங்ககிட்ட இருக்கு. கவலைப்படாதீங்க."

அடுத்த நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. சாம்பல் கோட்டுக்காரர்கள் இருவர், கூடவே வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண்மணி, கையில் மூடி போட்ட கிண்ணங்கள். ஊக்கமருந்துப் பரிசோதனை. எதிர்பாராத சோதனைக்குக் கணினி குலுக்கலில் மகளின் எண் விழுந்ததாம். மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே போய்ச் சிறுநீர் கொடுத்துவிட்டு வந்தாள். பெண்மணி நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளும் ஐந்து மணிக்குக் கணினி அவளையே குலுக்கி எடுத்தது. அதற்கு மறுநாளும். பதினொரு நாள் தொடர்ந்து. உலகத்தில் இரண்டு லட்சம் நீச்சல்காரர்கள் இருந்தும் கணினிக்கு இவளை விட்டால் ஆளில்லை. ஐந்தாம் நாள் கிண்ணத்தோடு ரத்தமும் எடுத்தார்கள். எட்டாம் நாள் அங்குலத்தின் ரத்தத்தை எடுத்தார்கள். அளவு நாடாவைப் பிடித்த கை என்று காரணம் எழுதியிருந்தது. பத்தாம் நாள் கையுறைப் பெண்மணி மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"நான் கடைசியா நீந்தினது கல்யாணத்துக்கு முன்னாடிம்மா," என்றாள் மனைவி.

"அது எங்க கோப்புல இருக்கு," என்றாள் பெண்மணி. "ஏன் நிறுத்தினீங்க?"

நர்ஸான மனைவி, ஊசி போடத் தெரியாமல் அந்தப் பெண்மணி தடுமாறியதைப் பார்க்கச் சகிக்காமல், தானே தன் கையில் குத்தி ரத்தம் எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே, "வீட்டுல எத்தனை ரூம், எந்த ரூம்ல யாரு படுக்கிறோம்னு எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டாங்க. கவனிச்சீங்களா?" என்றாள்.

கவனித்திருந்தார்.

அத்தனை நாளும் அவரிடம் பேசாமல் இருந்த மகள் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "ஏழு சென்டிமீட்டர் ஒண்ணுமே இல்லைன்னா, இவங்க ஏன்பா தினமும் வர்றாங்க?"

பன்னிரண்டாம் நாள் மணி அடிக்கவில்லை. தபால் வந்தது. ஒழுக்கக் குழுவின் முன் ஆஜராக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டது அளவு நாடா. அதன் உரிமையாளர் என்ற முறையில் அவரும் வரலாம்.

விசாரணை அறையில் ஜன்னல் இல்லை. மேஜைமேல் ஒரு தட்டில் அவருடைய நாடா, முத்திரை வைத்த பையில் இருந்தது. பையில் 7 என்று எண் ஒட்டியிருந்தது.

"மத்த ஆறு யாருதுங்க?" என்று அங்குலம் பக்கத்திலிருந்த சாம்பல் கோட்டிடம் கேட்டார்.

"அவங்க ஒத்துழைச்சாங்க," என்றார் அவர்.

குழுவில் மூன்று பேர். முதலாமவர் தொண்டையைச் செருமினார். "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் தலைவரோட சம்பந்தி. வெளிப்படைத்தன்மை முக்கியம்." இரண்டாமவர், "நான் மைத்துனரோட கம்பெனிக்கு ஆலோசகர். எனக்கும் வெளிப்படைத்தன்மை முக்கியம்," என்றார். மூன்றாமவர் இளைத்த மனிதர். "எனக்கு இங்கே யாரும் உறவில்லை," என்றார். மற்ற இருவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"நாடாவுக்கு எத்தனை வயசு?" என்று சம்பந்தி கேட்டார்.

"ஒம்பது வருஷம்யா. வருஷா வருஷம் சோதிச்சு முத்திரை வாங்கியிருக்கேன்."

"ஒம்பது வருஷமா இழுத்திருக்கீங்க. இழுத்தா எதுவும் நீளும். நாடா நீண்டா அளவு குறைச்சலாக் காட்டும். சரிதானே?"

"லேசர் கருவியும் அதேதான் காட்டுச்சுங்க."

ஆலோசகர் முன்னால் சாய்ந்தார். "ரெண்டும் ஒரே பையிலதானே வச்சிருந்தீங்க?"

"ஆமா."

"அப்போ ஒண்ணு ஒண்ணைக் கெடுத்திருக்கு." எழுதிக்கொண்டார்.

இளைத்த மனிதர் கையைத் தூக்கினார். "ஒரு யோசனை. குளம் பக்கத்துலதான் இருக்கு. நாமளே போய் அளந்து பார்த்துட்டா என்ன?"

சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்து, மதிய இடைவேளை என்றார். மணி அப்போது பத்தே முக்கால். இடைவேளை முடிந்து திரும்பியபோது மேஜைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள்தான் இருந்தன. மூன்றாவது நாற்காலி இருந்த இடத்தில் தரை விரிப்பில் நாலு பள்ளம் மட்டும் தெரிந்தது.

நாடாவைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். அத்தோடு விட்டிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். ஆனால் விஷயம் தலைவரின் காதுக்குப் போயிற்று. தலைவர் ஒருநாள் முழுக்க யோசித்தார். அதற்கப்புறம் உறுப்பு நாடுகளின் அவசரக் கூட்டத்தைக் கூட்டி, அங்குலத்தை முதல் வரிசையில் உட்கார வைக்கச் சொன்னார்.

பெரிய மண்டபம். நூற்றுத் தொண்ணூற்றொரு நாட்டுப் பலகைகள். சில பலகைகளுக்குப் பின்னால் ஆள் இல்லை. பக்கத்து நாட்டுக்காரர் இரண்டு மூன்று நாட்டைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். தலைவர் மேடையேறியதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்ல அவர் மறந்துவிட்டதால் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார்கள்.

"நண்பர்களே," என்றார் தலைவர். கண் கலங்கியிருந்தது. "ஒரு எளிய மனிதர் நம்ம கண்ணைத் திறந்திருக்கார். நம்ம புதுக் குளத்துக்கும் உலகத்துல இருக்கிற மத்த குளங்களுக்கும் ஏழு சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்கார். சில பேர் நம்ம குளம் குட்டைன்னு சொல்றாங்க. நான் கேக்கறேன், மத்த குளமெல்லாம் ஏன் இவ்வளவு நீளமா இருக்கு? எத்தனை தலைமுறைக் குழந்தைங்க ஒவ்வொரு நீளத்துக்கும் தேவையில்லாம ஏழு சென்டிமீட்டர் கூடுதலா நீந்தியிருக்காங்க! அந்தப் பிஞ்சுக் கைகளுக்கு யார் பதில் சொல்றது? இந்த அநியாயத்தை இனிமேலும் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. உலகத்துல இருக்கிற எல்லாக் குளத்தையும் ஏழு சென்டிமீட்டர் குறைக்கணும். சுவர்ல ஒட்டிக் குறைக்கிற பலகையைச் செய்ய அனுபவம் உள்ள கம்பெனி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது யாரோடதுன்னு நான் சொல்ல மாட்டேன். சொந்தக்காரங்களுக்குச் சிபாரிசு பண்ணக்கூடாதுன்னு எங்க அம்மா சொல்லி வளர்த்திருக்காங்க."

மைத்துனர் இரண்டாம் வரிசையில் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

அங்குலத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஐயா, அம்பது மீட்டர்னா அம்பது மீட்டர்தானே? அப்போ மீட்டர்னு ஒண்ணு இருக்கே?"

தலைவர் அன்போடு சிரித்தார். "மீட்டர் நம்ம உறுப்பினர் இல்லையே தம்பி."

வாக்கெடுப்பு நடந்தது. பலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். ஆதரவு நூற்றுத் தொண்ணூற்றொன்று, எதிர்ப்பு இல்லை. இனிமேல் புதுக் குளத்தின் நீளம் எவ்வளவோ அதுதான் ஐம்பது மீட்டர். பழைய குளங்களின் அங்கீகாரம் அன்றோடு ரத்து. பலகை பொருத்தி, அளவையாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒரு குளம் மறுபடியும் பேரவைக் குளமாகும். அந்தக் கையெழுத்தைப் போடப் பேரவை தேர்ந்தெடுத்த தலைமை அளவையாளர்: அங்குலம்.

"என்னையா?" என்றார் அவர், நடைவழியில் செயலாளரைப் பிடித்து நிறுத்தி. "என் நாடாவைக் குத்தவாளின்னு சொன்னீங்களே சார்?"

"அதனாலதான் நல்லது. நீங்க விலை போக மாட்டீங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிடுச்சு. அந்த மாதிரி ஒரு கையெழுத்து எங்ககிட்ட இல்லை. நகராட்சியிலயும் பேசிட்டோம். உங்க பழைய வேலை இனிமே கிடையாது. அதனால உங்களுக்கு யோசிக்கிற சிரமமும் கிடையாது."

வீட்டுக்கு வந்தபோது மேஜைமேல் ஒரு பெட்டி இருந்தது. மகளுக்கு உலகப் போட்டிச் சீருடை வந்திருந்தது. புதுச் சட்டத்தின்படி அவள் தகுதி செல்லும். யாரும் இனி ஒரு கேள்வி கேட்க முடியாது. அவள் பெட்டியைப் பிரிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கும் நம்ம பழைய குளத்துல நேரம் பார்த்தேன்பா," என்றாள். "இன்னும் நொடியில நூத்துக்குப் பதினஞ்சு பங்கு பாக்கி."

"முடியற தூரம்தாம்மா."

"எனக்கும் தெரியும். அதான் சொல்றேன். அதை நானே எடுக்கணும். இப்போ இதைப் போட்டுக்கிட்டுப் போய் நின்னா, நாளைக்கு நான் நிஜமாவே வேகமா நீந்தினாலும் எனக்கே தெரியாது." பெட்டியைத் தள்ளி வைத்தாள். "எனக்கு அந்தத் தகுதி வேண்டாம்னு எழுதிப் போடப்போறேன். நீங்க அன்னிக்கு எழுதினப்போ உங்க மேல வந்த கோபம் இன்னும் போகலை. ஆனா எழுதறேன்."

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே மண்ணுல செஞ்சது," என்றாள். அவள் குரலில் இருந்தது பெருமையா பயமா என்று அங்குலத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மகளின் கடிதத்துக்கு மூன்றே நாளில் பதில் வந்தது. தன் உண்மையான வேகத்தைவிடக் குறைவான வேகத்தைத் தனக்கென்று கோரி, போட்டி முடிவுகளைத் திரிக்க முயன்ற குற்றத்துக்காக அவளுக்கு இரண்டு வருஷத் தடை. தடைக் காலத்தில் பேரவையின் எந்தக் குளத்திலும் அவள் இறங்கக்கூடாது. கடிதத்தின் அடியில், அவள் உடல்நலத்துக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள்.

உலகத்திலேயே முதலில் திருத்தப்படும் குளம் என்ற பெருமை அந்த நகராட்சியின் பழைய குளத்துக்குக் கிடைத்தது. இரண்டு வாரம் மூடி வைத்துப் பலகை பொருத்தினார்கள். விழா ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. படிக்கட்டு இருக்கைகளில் முந்நூறு பேர். பக்கத்துத் தெருக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், பெண்கள் நீச்சல் வகுப்பிலிருந்து வந்த இருபது பேர். கதவுக்கு ஒருவராகச் சாம்பல் கோட்டுகள். மேடையில் தலைவர், செயலாளர், மைத்துனர். மக்கள் முன்னிலையில் அளப்பது, எண்ணைச் சொல்வது, கையெழுத்துப் போடுவது, ரிப்பன் வெட்டுவது என்று நிகழ்ச்சி நிரலில் வரிசையாக இருந்தது.

பேரவை கொடுத்த புது நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். உதவியாளர் என்று அங்குலம் மகளைத்தான் கூட்டி வந்திருந்தார். தண்ணீரில் இறங்கத்தான் தடை, கரையில் நிற்கத் தடை இல்லை என்று செயலாளரே விதியைப் பார்த்துச் சொல்லியிருந்தார்.

அவர் பலகைப் பக்கம் குனிந்து நாடாவின் தொடக்கத்தை வைத்தார். எதிர்ப்பக்கம் மகள் இழுத்துப் பிடித்து, குனிந்து எண்ணைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள். ஏதோ சரியில்லை என்று அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது.

தலைவர் மைக்கோடு இறங்கி அவளருகே போனார். முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம செல்லமே படிக்கட்டும். தப்புப் பண்ணாலும் குழந்தை குழந்தைதானே. சொல்லும்மா, எவ்வளவு காட்டுது? நாப்பத்தொம்பது மீட்டர் தொண்ணூத்தி…?"

"ஆறு," என்றாள் மகள்.

"மூணு," என்றார் தலைவர்.

"ஆறு. நாப்பத்தொம்பது மீட்டர் தொண்ணூத்தாறு சென்டிமீட்டர். பலகை நாலு சென்டிமீட்டர்தான் இருக்கு. நீங்களே பாருங்க."

தலைவர் குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். அவர் மெல்ல நிமிர்ந்து மேடையிலிருந்த மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் கூரையைப் பார்த்தார்.

"எனக்கேவா?" என்றார் தலைவர். மைக் கையிலேயே இருந்ததால் குளமெங்கும் ஒலித்தது. "ஏண்டா, என்கிட்டயேவா மூணு சென்டிமீட்டர்? உலகம் பூராவும் குளம் இருக்கு, அத்தனையும் உனக்குத்தானேடா எழுதி வச்சேன்! இதுல ஒட்டின பலகையிலயும் பாதியைச் சுரண்டிட்டியா?"

நீச்சல் வகுப்புப் பெண்களில் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு படிக்கட்டு முழுவதும் பரவுவதற்குள் மைக் செத்தது. விளக்குகளில் பாதி அணைந்தன. செயலாளர் எழுந்து, எப்போதும்போல மெல்லிய குரலில், விழா இனிதே நிறைவடைந்தது என்றார். எல்லோரும் பக்கவாசல் வழியாக ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும், கைப்பேசிகளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போக வேண்டும், பெயரையும் முகவரியையும் எழுதிவிட்டுப் போக வேண்டும். சிரித்தவர்கள் தனி வரிசை.

ஜனங்கள் எழுதிவிட்டுப் போனார்கள். தலைவரையும் மைத்துனரையும் வெவ்வேறு கதவு வழியாக அழைத்துப் போனார்கள். மைத்துனருக்கு முன்னால் இரண்டு கோட்டுகள், பின்னால் நாலு கோட்டுகள்.

செயலாளர் அங்குலத்திடம் வந்து படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். இந்தத் தடவை அதில் 49.93 என்று அச்சடித்திருந்தது.

"கையெழுத்துப் போட்டு வையுங்க. ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. கொஞ்ச நேரத்துல வந்து பேசறேன்." போகிறபோது திரும்பினார். "உங்க மனைவிக்கும் ஆள் அனுப்பியிருக்கோம். தனியா விட வேண்டாம்னுதான்."

பெரிய கதவை வெளியிலிருந்து பூட்டுகிற சத்தம் கேட்டது. அங்குலம் படிவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி இந்நேரம் வார்டில் இருப்பாள். கதவருகில் யார் நிற்கிறார்களோ.

மகள் நாடாவைச் சுருட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள்.

"போட்டுட்டீங்களா?"

"இல்லம்மா."

"அப்போ இது இன்னும் பேரவைக் குளம் இல்லையே?"

அவர் நிமிர்ந்தார். அவள் மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே நீச்சல் உடை இருந்தது. தடை வந்த பிறகும் காலையில் பழக்க தோஷத்தில் போட்டுக்கொள்கிறவள்.

"எட்டு நீளத்துக்கு முப்பத்திரண்டு சென்டிமீட்டர் கூட்டிக்கணும்," என்றாள். "நான் முடிச்சப்புறம் நீங்க கணக்குப் பண்ணிடுங்க. கடிகாரம் இருக்கா?"

அவர் படிவத்தை நாற்காலிமேல் வைத்துவிட்டுச் சட்டைப் பையில் கையை விட்டார். அவள் விளிம்பில் நின்று, ஒரு தடவை மூச்சை இழுத்து, பாய்ந்தாள்.

பாதி இருட்டில் தண்ணீர் பிளக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் ஒவ்வொரு தடவை சுவரைத் தொட்டுத் திரும்பும்போதும் அவர் உதட்டுக்குள் எண்ணினார். நாலாவது திருப்பத்தில் அவருக்குப் பின்னால் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. காலடிகள், இரண்டு பேர் அல்ல, நிறையப் பேர். ஓடுகளின்மேல் அவசரமில்லாமல் வந்தன. யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தால் கணக்குத் தப்பிவிடும். இன்னும் நாலு நீளம் இருந்தது.